டார்க் ரூம் கிழிசல்

காரைக்குடியில் இயற்பியல் படித்தவர்கள் லேப் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். ஒளிச் சோதனைகள் செய்யும் எங்கள் இருட்டறை, அதாவது டார்க் ரூமிலிருந்து தொடங்குகிறேன். பெயர்தான் டார்க். ஜன்னலின் கறுப்புத் திரையில் கோணல்மாணலாக ஒரு சின்னக் கிழிசல். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்!

சோடியம் விளக்கு செம்மையிலிருந்து மஞ்சளுக்கு வரச் சில நிமிடம் ஆகும். அதுவரை லேப் அட்டெண்டர் அண்ணன் கதை சொல்வார். ‘இந்தப் பக்கமெல்லாம் பொட்டல் தம்பி’ என்றுதான் ஆரம்பிப்பார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் வேண்டும் என்று கேட்க, அழகப்பச் செட்டியார் தருகிறேன் என்றார். கட்டடத்துக்குக் காத்திருக்கவில்லை, காந்தி மாளிகையிலேயே வகுப்பு தொடங்கிவிட்டது. அப்புறம் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வரவழைத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது 1985இல்தான்.

ஒருநாள் சாயங்காலம், கிழிசல் வழியே வந்த வெயில் எதிர்ச் சுவரில் பழைய ஒரு ரூபாய்க் காசு மாதிரி விழுந்திருந்தது. ‘கிழிசல் கோணல், வெளிச்சம் மட்டும் ஏன் வட்டம்?’ என்றார் அண்ணன். மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்கும் பதில் வரவில்லை. ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் முழு மார்க்.

— கோட்டையூரிலிருந்து ஒருவர் பதில்:
இதற்குப் பதில் எங்கள் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. 2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம்; நடுவை நிலா மறைக்க, சூரியன் வளையமாகத் தெரியும். நம் ஊர் அதன் பாதையிலேயே இருந்தது. அப்பத்தா அடுப்பு மூட்டவில்லை, யாரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. ஒன்பதரை மணிவாக்கில் முகப்பில் நின்று பார்க்கிறேன், வேப்பமரத்தடி முழுக்க வளையல் வளையலாக வெளிச்சம்! இலை இடுக்குகள் எல்லாம் ஊசித்துளைகள். தரையில் விழுவது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். மற்ற நாளில் வட்டம், அன்று வளையம். கடைசியில் அப்பத்தாவும் வந்து குனிந்து பார்த்தார். ‘யாருடி இவ்வளவு வளையலைக் கொட்டினது?’

— கானாடுகாத்தானிலிருந்து இன்னொருவர்:
கல்விக்குக் கொடுத்தவர்கள் வரிசையில் எங்கள் ஊர் அண்ணாமலைச் செட்டியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கியது சிதம்பரத்தில். நான் எம்.எஸ்சி. படிக்க அங்கேதான் போனேன். அங்கே டார்க் ரூம் திரையில் கிழிசல் இல்லை. கும்மிருட்டில் கருவியின் வெர்னியர் நுண் அளவுகோலைப் பார்க்க டார்ச் பிடித்தே கை வலித்தது.