வைகாசித் தேருக்கு வரும் வெளிர்தோல் அண்ணி: வெயிலில் வேகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கோகிலா_வில்லியனூர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேருக்கு அண்ணன் குடும்பம் பாரிஸிலிருந்து வருகிறது. அண்ணி பிரெஞ்சுக்காரர். செம்பட்டை முடி, முகத்திலும் தோளிலும் பழுப்புப் புள்ளிகள். வெயில் பட்டால் கறுக்காது, சிவந்து உரியும் தோல். பையனுக்கு 4 வயது, அம்மாவின் நிறம். கைக்குழந்தைக்கு 5 மாதம். அண்ணிக்குப் புடவை கட்டி வடம் பிடிக்க வேண்டுமென்று ஆசை. கவர்னர் வந்து வடம் தொட்டபின் தேர் நகர்ந்து நிலைக்கு வர நேரமாகும். அதுவரை நால்வரையும் எப்படி வெயிலிலிருந்து காப்பது?

சன்ஸ்கிரீன் எவ்வளவு, எத்தனை தடவை? புடவையும் குடையும் போதுமா? கைக்குழந்தைக்கு என்ன செய்யலாம்? அம்மா "சந்தனம் பூசி, நலங்கு மாவு தேய்த்துக் குளிப்பாட்டினால் போதும்" என்கிறார். அது சரியா?

மருந்துக்கடை_முத்தியால்பேட்டை:

அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். சந்தனம் குளிர்ச்சி தரும், புற ஊதாக் கதிரைத் தடுக்காது. நலங்கு மாவை அன்று காலை கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். பல வீடுகளில் அதில் கார்போகரிசி சேர்த்து அரைப்பார்கள். அதிலுள்ள சோராலன் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் புண்ணாகும். அந்தக் குணத்தை வைத்துத்தான் வெண்புள்ளி வைத்தியத்தில் அதைப் பயன்படுத்துகிறார்கள். வெறும் பயத்தமாவு போதும்.

இனி சன்ஸ்கிரீன். எல்லோரும் தவறுவது அளவில்தான். ட்யூப்பில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு) எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்க்கிறார்கள். நாம் வீட்டில் பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்ப்பது அதில் கால் பங்கு, மிஞ்சினால் பாதி. அப்படிப் பூசினால் 50 என்று அச்சிட்ட ட்யூப் 50 வேலையைச் செய்யாது.

டீஸ்பூன் கணக்கில் சொல்கிறேன் (1 டீஸ்பூன் 5 மில்லி). முகம், காது, கழுத்து சேர்த்து ஒன்று. கைக்கு ஒன்றாக இரண்டு. ரவிக்கைக் கழுத்துக்கு மேலே தெரியும் முன்பக்கமும் முதுகும் ஒன்று. ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் இடையில் தெரியும் இடுப்பு, முதுகு ஒன்று. இரண்டு பாதத்துக்கும் சேர்த்து ஒன்று. ஆக 6 டீஸ்பூன், 30 மில்லி. கடையில் வாங்கும் 50 கிராம் ட்யூப் இரண்டாம் தடவைக்கே பற்றாது. முழுக்கை ரவிக்கை தைத்துவிட்டால் கைக்குப் போகும் 2 டீஸ்பூன் மிச்சம், புறங்கையில் தடவினால் போதும். நான் அதைத்தான் சொல்வேன்.

எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. நூறு என்று போட்டதைத் தேடி அலைய வேண்டாம். 50 வாங்கி நிறையப் பூசுங்கள். அந்த எண் பெரும்பாலும் தோலைச் சிவக்க வைக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிருக்கானது. இன்னொரு வகைக் கதிரான யூவிஏ-க்கு நம் ஊர் ட்யூப்பில் 'பிஏ++++' இருக்கிறதா பாருங்கள். அண்ணி அங்கிருந்து கொண்டுவந்தால் ஒரு வட்டத்துக்குள் 'யூவிஏ' என்று இருக்கும்.

பூசும் நேரமும் முக்கியம். புடவை கட்டுவதற்கு முன், வெளியே கிளம்ப 20 நிமிடம் இருக்கும்போது பூச வேண்டும். கட்டியபின் பூசினால் ரவிக்கை ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுப்போகும். வடம் இழுக்கும்போது ரவிக்கை ஏற இறங்க, சாயங்காலம் அந்த இடத்தில் சிவப்புக் கோடு விழும். காதின் மேல் விளிம்பு, பின்கழுத்து, தலை வகிடு, பாதத்தின் மேல்புறம், இந்த நான்கும் வழக்கமாக மறந்துபோகும் இடங்கள்.

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசுங்கள். வியர்வையைத் துண்டால் அழுத்தித் துடைத்தால் கிரீமும் சேர்ந்து போய்விடும். ஒற்றியெடுத்துவிட்டுப் பூச வேண்டும். நெற்றிக் கிரீம் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கினால் எரியும். அதனால் நெற்றிக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ள குச்சி வடிவத்தில் வாங்குங்கள், அது எளிதில் ஓடாது. வெள்ளையாகத் தெரியும், தெரியட்டும். திருநீறும் குங்குமமும் அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். ட்யூப்பைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மூடிய காரின் சூட்டில் கிரீம் பிரிந்து தண்ணீரும் எண்ணெயுமாகிவிடும். பிரிந்ததைப் பூசுவதில் பயனில்லை.

தேரடி_நிழல்:

கிரீமைவிட நேரம் பெரிது. வைகாசியில் நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணி 8 நிமிடம் வாக்கில். ஒருவரின் நிழல் அவர் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வரை வெயில் கடுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காலை 9 மணி 5 நிமிடத்திலிருந்து பிற்பகல் 3 மணி 10 நிமிடம் வரை. பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம், தன் நிழலைத் தானே பார்த்துக்கொள்வான். உச்சி வெயிலில் அண்ணியின் தோல் சிவக்க 10 முதல் 15 நிமிடம் போதும். ஆகவே வடம் பிடிக்க வேண்டுமானால் தேர் புறப்படும்போதே பிடித்து, முதல் வீதியோடு விலகிவிடட்டும். நிலைக்கு வருவதைத் திண்ணையிலிருந்தோ மாடி ஜன்னலிலிருந்தோ பார்க்கலாம்.

நிழல் எந்தப் பக்கம் என்பதையும் சொல்கிறேன். 9 மணி வரை கீழ வீதியிலும் மேல வீதியிலும் கிழக்குச் சாரி வீடுகளை ஒட்டி நல்ல நிழல் இருக்கும். உச்சி வேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்காது. அப்படி நிற்பது நம் ஊரில் சித்திரை 10-ஐ ஒட்டியும் ஆவணித் தொடக்கத்திலும்தான். வைகாசியில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் தெற்கு, வடக்கு வீதிகளில் வடக்குச் சாரி வீட்டுச் சுவரோரம்தான் நிழல். 6 மீட்டர் உயர வீடு சுமார் ஒரு மீட்டர் நிழல்தான் தரும். சுவரில் முதுகு ஒட்ட நின்றால்தான் உடம்பு மறையும். அந்த நிழலையும் முழுதாக நம்ப முடியாது. மேலே வானம் திறந்திருந்தால் சிதறிய கதிர் வந்துகொண்டே இருக்கும். கீற்றுப் பந்தலும் திண்ணையும்தான் உண்மையான நிழல்.

துணிக்கு ஒரு சோதனை உண்டு. புடவைத் துணியை ஒற்றையாக ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பின்னால் கையை வையுங்கள். விரல் பிரிந்து தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும். வெள்ளை மெல்லிய பருத்தி குளுமையாக இருக்கும், ஆனால் காப்பு குறைவு. வியர்வையில் நனைந்து ஒட்டினால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த கைத்தறி, அரக்கோ கருநீலமோ நல்லது. தொப்பி கூட்டத்தில் நிற்காது. ஈரிழைத் துண்டைத் தலையில் சுற்றி, பின்கழுத்து மறைய ஒரு முனையைத் தொங்கவிடுங்கள். கறுப்புத் துணிக்குடை நல்ல காப்புதான். ஆனால் வடத்தின் பக்கத்தில் விரித்தால் கம்பி யாராவது கண்ணைக் குத்தும். பந்தலிலிருந்து பந்தலுக்குப் போகும்போது விரியுங்கள்.

வடம் பிடிக்கும் முன் உள்ளங்கையில் உள்ள கிரீமைச் சோப்பு போட்டுக் கழுவிவிடச் சொல்லுங்கள். வழுக்கினால் தோல் உரிந்துவிடும். செருப்பில்லாமல் நடப்பார் என்றால் தண்ணீர் ஊற்றிய இடமாகப் பார்த்து நடக்கட்டும். தார் ரோடு 11 மணிக்கே உள்ளங்காலைப் பொசுக்கும்.

செவிலி_கடலூர்:

கைக்குழந்தை 5 மாதம் என்கிறீர்கள். 6 மாதத்துக்குக் கீழே சன்ஸ்கிரீன் பூசுவதில்லை. அந்தத் தோல் மெல்லியது, உடம்பின் எடைக்குத் தோல் பரப்பும் அதிகம். குழந்தையைத் தேர் வீதிக்குக் கொண்டுவராமல் வீட்டு நிழலில் வைத்திருப்பதுதான் சரி. தூக்கிக்கொண்டு வந்தே தீர வேண்டுமென்றால் 9 மணிக்கு முன், தளர்ந்த முழுக்கைச் சட்டையும் பருத்திக் குல்லாவும் போட்டு. தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி மூடவே கூடாது. காற்று நின்று உள்ளே சூடு ஏறும், வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள், தண்ணீர் வேண்டாம்.

4 வயதுப் பையனுக்குத் துத்தநாக வகைக் கிரீம், எஸ்.பி.எஃப். 50. முழுக்கால் சட்டை போட்டுவிட்டால் பூச வேண்டிய இடம் குறையும். அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்க்கும் குழந்தைகளுக்குப் பின்தொடையும் முழங்காலும்தான் முதலில் சிவக்கும்.

கடற்காற்று எடுத்துவிட்டால் வெயில் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்று சூட்டைத்தான் குறைக்கும், புற ஊதாக் கதிரை அல்ல. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. அதே மாதிரி, சன்ஸ்கிரீன் பூசிய உடம்பையும் வெப்ப மயக்கம் தாக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்ட அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் முழு 1 லிட்டரில், கரையுங்கள். ஒரு டம்ளரில் பாதி பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்குக் கெடுதல்.

தோல் வெந்தால் உடனே தெரியாது. 3 முதல் 6 மணி நேரம் கழித்துச் சிவக்கும், அன்று இரவும் மறுநாளும் உச்சம். சிவக்க ஆரம்பித்ததும் குளிர்ந்த (பனிக்கட்டி அல்ல) தண்ணீரில் நனைத்த துணியை 10 - 15 நிமிடம் போட்டு எடுங்கள், நாளில் நாலைந்து தடவை. ஈரம் காயும் முன் வாசனையில்லாத ஈரப்பசைக் கிரீம். வலிக்குப் பாராசிட்டமால். குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது. பற்பசை, வெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அந்தத் தோல்தான் அதற்குக் கட்டு. கொப்புளம் பரவலாக வந்தால், காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், பேச்சு குழறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமான பேச்சு இல்லை. நம் வீடுகளில் வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோலும் அண்ணியின் தோல் மாதிரியே வேகும். அவர்களைத் "தேருக்கு வராதே" என்று வீட்டில் உட்கார வைப்பதற்குப் பதிலாக இதே முழுக்கை ரவிக்கையும் இதே கிரீமும் வாங்கிக் கொடுங்கள்.

வெள்ளிக்கடற்கரை_நடை:

தேர் முடிந்து கடற்கரைக்குக் கூட்டிப் போவீர்கள் என்பதால் ஒரு குறிப்பு. மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் அலைநுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பியடிக்கும். குடைக்குக் கீழே நின்றாலும் மோவாய்க்குக் கீழும் மூக்கின் அடியும் சிவப்பது அதனால்தான். சாயங்காலம் 4 மணிக்கு மேல் போங்கள்.

கோகிலா_வில்லியனூர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முழுக்கை ரவிக்கைக்கு இன்றே அளவு கேட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். மலேரியா வராமலிருக்க அண்ணிக்கு அங்கே டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம், இன்னும் தொடங்கவில்லை. அதில் ஏதாவது உண்டா? அப்புறம், எங்கள் வாசலில் பானகப் பந்தல் போடுகிறோம். எலுமிச்சை பிழிய நானும் வருகிறேன் என்கிறார்.

மருந்துக்கடை_முத்தியால்பேட்டை:

இரண்டையும் கேட்டது மிக நல்லதாகப் போயிற்று. டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவர்களுக்குத் தோல் வெயிலுக்கு மிகவும் கூசும். சாதாரணமாகத் தாங்கும் வெயிலிலேயே வெந்துவிடும். அதைத் தூண்டுவது பெரும்பாலும் யூவிஏ என்பதால் எஸ்.பி.எஃப். எண் ஒன்றை மட்டும் நம்ப முடியாது. 5 மாதக் குழந்தைக்குப் பால் கொடுப்பவர் என்றால் அதற்காகவும் அந்த மருந்தை மறுபடி யோசிக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக விடச் சொல்லாதீர்கள். தேரில் நாள் முழுக்க வெயில், வெளிர்தோல், பால் கொடுக்கிறார், இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்கச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளினை வழக்கமாகப் பயணத்துக்கு 1 - 2 நாள் முன்புதான் தொடங்குவார்கள், அதனால் அவகாசம் இருக்கிறது. முகப்பருவுக்கு ரெட்டினால் கிரீம், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு ஏதாவது எடுக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவையும் இதே மாதிரிதான்.

எலுமிச்சை பிழிய விடாதீர்கள். அதன் தோலிலும் சாற்றிலும் கார்போகரிசியில் இருப்பது போன்ற பொருள் உண்டு. சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் ஒன்றிரண்டு நாள் கழித்து விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சாறு வழிந்த கோடு கோடாகவே கொப்புளம் கிளம்பும். பிறகு அது மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். நமக்கும் வரும், அவருக்குக் கடுமையாக வரும். பிழிபவர்கள் யாரானாலும் நிழலுக்குள் பிழிந்து, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவியபின் வெயிலில் இறங்கட்டும். பையன் மேல் சாறு தெறித்தால் அப்போதே கழுவிவிடுங்கள். அண்ணிக்கு வெல்லம் தட்டும் வேலையையும் ஏலக்காய் பொடிக்கும் வேலையையும் கொடுங்கள், அதைப் பந்தலுக்குள் உட்கார்ந்தே செய்யலாம்.