ஸ்னேர் ட்ரிக்கர் ஒரே அடிக்கு இரண்டு முறை ஒலிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். ரீப்பர் மென்பொருளில் டிரம்ஸ் மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்னேர் டிரம்மின் ட்ராக்கில் ட்ரிக்கர் பிளக்இன் (அடி விழுவதைக் கண்டு சாம்பிளை ஒலிக்க வைப்பது) போட்டு, மைக்கில் பதிவான ஒலியோடு ஒரு சாம்பிளையும் (முன்பே பதிவான ஸ்னேர் ஒலி) சேர்க்கப் பார்க்கிறேன். டிரம்மர் அருமையாக வாசித்திருக்கிறார், அதை நான் கெடுத்துவிடக் கூடாது. சில அடிகளுக்குச் சாம்பிள் ‘டடக்’ என்று இரண்டு முறை விழுகிறது. ஹை-ஹாட் (ஜோடித் தாளத் தட்டு) பலமாக வரும் இடங்களில் ஸ்னேர் அடியே இல்லாமல் சாம்பிள் ஒலிக்கிறது. த்ரெஷோல்டை (ட்ரிக்கர் இயங்கத் தேவையான ஒலி அளவு) ஏற்றினால் அது நிற்கிறது, ஆனால் மெல்லிய கோஸ்ட் நோட்டுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. இப்போதைய வரிசை: ஈக்யூ, கம்ப்ரஸர், கடைசியில் ட்ரிக்கர்.

பதில் 1:
சிக்கல் அந்த வரிசையில்தான். கம்ப்ரஸர் பலமான அடியை அமுக்குகிறது, பிறகு ஒலியை மொத்தமாக உயர்த்தும் மேக்கப் கெயின் இடையில் கசியும் ஹை-ஹாட்டை மேலே தூக்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி குறைந்தபின் த்ரெஷோல்டை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்று தப்பும். ட்ரிக்கரை முதலில் வையுங்கள். டிடெக்‌ஷனுக்கு மட்டும் ஃபில்டர் இருந்தால், 200 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை வைத்துக்கொண்டு மேலே இருப்பதை வெட்டுங்கள். காதில் விழும் ஒலி மாறாது, ட்ரிக்கர் கேட்பது மட்டும்தான் மாறும்.

இரட்டை அடிக்கு ரீட்ரிக்கர் நேரத்தை (ஓர் அடிக்குப் பின் ட்ரிக்கர் அடுத்ததை ஏற்காமல் இருக்கும் நேரம்) கூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஹாட் தொல்லை போயே போய்விட்டது, மிக்க நன்றி! ரீட்ரிக்கர் 100 மில்லிசெகண்ட் வைத்தேன், இரட்டை அடியும் நின்றது. ஆனால் பாட்டின் முடிவில் வரும் ரோலில் சாம்பிள் ஓர் அடி விட்டு ஓர் அடிதான் விழுகிறது. இன்னொன்று, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஸ்னேர் மெலிந்து, அடிவயிறே இல்லாமல் ஒலிக்கிறது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 பீட்.

பதில் 2:
100 அதிகம். 120 வேகத்தில் 16ஆம் நோட்டுகளுக்கு இடையே 125 மில்லிசெகண்ட், 32ஆம் நோட்டுகளுக்கு இடையே 62.5 தான். ரோல் 32ஆம் நோட்டில் போகிறது போல. 40 வைத்துப் பாருங்கள்.

மெலிவது ஃபேஸால், அதாவது இரண்டு ஒலி அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால். ட்ரிக்கர் ஒலியைத் தனி ட்ராக்காக ரெண்டர் செய்து, மூல ஸ்னேருக்குக் கீழே வைத்து நன்றாக ஜூம் செய்யுங்கள். அடி தொடங்கும் இடத்தில் ஒரு அலை மேலே எழும்போது மற்றது கீழே இறங்கினால் போலாரிட்டியைத் திருப்புங்கள் (அலையைத் தலைகீழாக்குவது). தள்ளி நின்றால் நகர்த்தி ஒட்டவையுங்கள். 2.5 மில்லிசெகண்ட் தள்ளியிருந்தாலே 200 ஹெர்ட்ஸ் அடிபட்டுப்போகும், ஸ்னேரின் கனம் இருப்பதே அங்கேதான். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் அது 120 சாம்பிள் (இங்கே டிஜிட்டல் ஒலியின் ஒரு புள்ளி) தூரம். ஒரே ஓர் அடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாலைந்தைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
40 வைத்ததும் ரோல் முழுதாக வந்துவிட்டது. அலைகள் நேர் எதிராகத்தான் இருந்தன. போலாரிட்டியைத் திருப்பியதும் நெஞ்சில் இடிக்கிற அந்தக் கனம் திரும்ப வந்தது. இரண்டாவது சரணத்தில் இரண்டு கோஸ்ட் நோட்டுகள் மட்டும் இன்னும் தப்பின. அங்கே சாம்பிளைத் தனி ட்ராக்கில், ஒலியைக் குறைத்து, கையாலேயே வைத்துவிட்டேன்.