புதுப்பிப்பு: குன்னூர் குளிரில் படுத்துவிட்ட ஃபைட்டர் மீன்

அடியிலேயே கிடக்கிறது, இரை எடுக்கவில்லை, துடுப்பு ஓரம் அரித்திருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அந்த நீல ஃபைட்டர் பிழைத்துக்கொண்டது. பலரும் சொன்னபடி ஹீட்டர் போட்டு 26 டிகிரியில் நிறுத்தியதுதான் பெரிய மாற்றம். அதற்கு முன் தண்ணீர் 18-ஐத் தாண்டவில்லை. அப்புறம், குளோரின் நீக்கிய தண்ணீரை அதே சூட்டில் தினமும் கால்வாசி மாற்றினேன். கடைக்காரர் நீட்டிய மருந்து பிரிக்காமலே இருக்கிறது.

அரித்த இடத்தில் கண்ணாடி மாதிரி நிறமில்லாத சவ்வு வளர்கிறது. அதுதான் புதுத் துடுப்பு, நிறம் பிறகு ஏறும். ஃபில்டர் தண்ணீர் தள்ளும் வேகத்தில் மீன் தள்ளாடியதால் ஃபில்டரின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டியிருக்கிறேன்.

நேற்று நம் ஃபைட்டர் மிதக்கும் வாதுமை இலைக்கடியில் நுரைக்கூடு (முட்டைகளை வைக்க ஆண் மீன் கட்டும் குமிழிக் கூடு) கட்டத் தொடங்கிவிட்டார். பெண் மீனே இல்லை, ஆனாலும் கட்டுகிறார்! ஜோடி சேர்க்கச் சொன்னவர்களுக்கு: முதலில் துடுப்பு முழுசாக வரட்டும்.