நானே வரைந்த தமிழ் எழுத்துருவில் கொம்பு வலப்பக்கம் விழுகிறது: இறுதிப் பருவச் செயல்திட்டத்துக்கு உதவி தேவை

கீழமாசிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மதுரை. கீழமாசி வீதியிலும் அதையொட்டிய சந்துகளிலும் மொத்த வியாபாரக் கடைகளின் இரும்புக் கதவுகளில் தூரிகையால் எழுதப்பட்டிருக்கும் பெயர்களைப் படமெடுத்து, அந்த எழுத்துகளின் போக்கிலிருந்து ஒரு தலைப்பெழுத்துரு வரைந்து, அதைக் கொண்டே ஏ2 அளவில் நான்கு சுவரொட்டிகள் செய்வதுதான் என் இறுதிப் பருவச் செயல்திட்டம்.

எழுத்துகளைத் தாளில் வரைந்து, கணினியில் கோட்டுருவாக்கி, ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் எழுத்துருக் கோப்பாக்கிவிட்டேன். குரோம் உலாவியில் சோதித்தால் "கு", "டி" போன்றவை சரியாக இணைந்து வருகின்றன; ஆனால் "கெ" என்று தட்டினால் முதலில் "க" வந்து, அதற்கு வலப்பக்கத்தில் கொம்பு விழுகிறது. அதே கோப்பை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் பயன்படுத்தினாலும் கொம்பு வலப்பக்கமே நிற்கிறது. இதில் என்னைக் குழப்புவது என்னவென்றால், இல்லஸ்ட்ரேட்டரில் கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்துத் தட்டினாலும் இதே சிதைவுதான். அப்படியானால் குறை என் எழுத்துருவிலா, மென்பொருளிலா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். படிப்பு முடிந்தபின் எழுத்துரு வடிவமைப்பையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டில் விளம்பர நிறுவன வேலையையோ காணொளித் தொகுப்பையோ பார்க்கச் சொல்கிறார்கள். எனவே இந்தச் செயல்திட்டம் மதிப்பெண்ணுக்கு மட்டுமல்லாமல், அடுத்த கட்டத்தில் எங்கும் எடுத்துக் காட்டத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு என்ன வழி?

வரிவடிவன்

தம்பி, உங்களுக்கு இருப்பது ஒரு குறை அல்ல, இரண்டு. இரண்டும் ஒரே தோற்றத்தில் வெளிப்படுவதால்தான் குழப்பம். நோட்டோ சான்ஸ் தமிழ் குரோமில் சரியாக வந்து இல்லஸ்ட்ரேட்டரில் சிதைகிறது என்றால் அங்கே குற்றவாளி இல்லஸ்ட்ரேட்டரின் அமைப்பு. உங்கள் எழுத்துரு குரோமிலேயே சிதைகிறது என்றால் அங்கே குற்றவாளி உங்கள் கோப்பு. சரியென்று முன்பே தெரிந்த ஓர் எழுத்துருவை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் எளிதானது. இல்லஸ்ட்ரேட்டரின் விருப்பத்தேர்வுகளில் "டைப்" பகுதிக்குச் சென்று, "ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்" என்பதை இயக்குங்கள். பிறகு உரையைத் தேர்ந்தெடுத்து, "பாராகிராஃப்" பலகையின் மூலையில் உள்ள பட்டியலைத் திறந்தால், மத்தியகிழக்கு மற்றும் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசர் (எழுத்துகளை வரியில் அடுக்கும் முறை) தெரியும், அதைத் தேர்ந்தெடுங்கள். விருப்பத்தேர்வை மட்டும் மாற்றிவிட்டு, ஏற்கெனவே தட்டிய உரையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அந்த உரை பழையபடியே நிற்கும். இங்குதான் பலர் "மாற்றினேன், வேலை செய்யவில்லை" என்று திரும்பி வருகிறார்கள். இன்டிசைனில் இதே பட்டியலில் "வேர்ல்டு ரெடி" கம்போசர் என்ற பெயரில் இருக்கும்.

இனி உங்கள் கோப்பு. யூனிகோடில் "கெ" என்பது "க" முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது எழுத்துருவின் வேலையன்று. உலாவிக்குள் இருக்கும் வடிவமைப்புப் பொறியின் வேலை. குரோமும் ஃபயர்பாக்ஸும் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற பொறி, எழுத்துருவின் மாற்று விதிகள் (எழுத்துகள் சேரும்போது எந்த வடிவத்தை வைப்பது என்று சொல்பவை) எந்த எழுத்துமுறைக்கு உரியவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் பார்க்கும். அவை பொதுக்குறியின் கீழோ லத்தீன் குறியின் கீழோ மட்டும் இருந்தால், "இது இந்திய எழுத்துகளுக்காகச் செய்யப்பட்ட கோப்பு அல்ல" என்று முடிவெடுத்து, கொம்பை நகர்த்தாமல் அப்படியே விட்டுவிடும். "கு" இணைவதும் "கெ" சிதைவதும் ஒருசேர நிகழ்வதைப் பார்த்தால் உங்கள் கோப்பில் இதுவே நடந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஃபான்ட்ஃபோர்ஜில் எழுத்துருத் தகவலுக்குள் "லுக்கப்ஸ்" பகுதியைத் திறந்து, எழுத்துமுறைக் குறியாகத் தமிழுக்குரிய டிஎம்எல்2 (tml2) இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அச்சுமை

சிவகாசியில் அச்சுக்கு முந்தைய பணிகளைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. சுவரொட்டிக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியேற்றத்தில் எழுத்துருவை அமைத்தால், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் தட்டி, பிறகு "க" தட்டலாம். எந்த மென்பொருளிலும் சிதையாது. எங்களுக்கு அனுப்பும்போது எப்படியும் எழுத்துகளையெல்லாம் கோட்டுருவாக மாற்றித்தானே அனுப்பப் போகிறீர்கள்?

வரிவடிவன்

ஐயா சொல்வது நாளை காலை அச்சேற வேண்டிய வேலைக்குப் பொருந்தும். கோட்டுருவாக மாற்றி அனுப்பச் சொல்வதும் சரியே. ஆனால் இங்கே சுவரொட்டியைப் போலவே எழுத்துருவும் மதிப்பீட்டுக்கு உரிய படைப்பு. பழைய குறியேற்றத்தில் செய்தால், கணினியின் பார்வையில் அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிய கோப்பாகவே இருக்கும். வலைப்பக்கத்தில் பயன்படாது, தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் வரும். எழுத்துரு வடிவமைப்பாளராக விரும்பும் மாணவர் இன்று அப்படியொரு கோப்பைக் காட்டினால், எழுத்தின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடும்.

கீழமாசிக்காரன்

நன்றி அண்ணா. கம்போசரை மாற்றியதும் இல்லஸ்ட்ரேட்டரில் நோட்டோ சரியாகிவிட்டது. என் கோப்பில் விதிகள் அனைத்தும் "லிகா" (liga) என்ற பண்புக்கூறில், அதாவது விதித் தொகுப்பில், பொதுக்குறியின் கீழும் லத்தீனின் கீழும் மட்டுமே இருந்தன. டிஎம்எல்2 என்று மாற்றியவுடன் குரோமில் "கெ", "கே", "கை" மூன்றும் ஒழுங்காக வந்தன. ஆனால் இப்போது, அதுவரை இணைந்து வந்த "கு", "டி" இரண்டும் பிரிந்து, "க" தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நிற்கின்றன. "கௌ" தட்டினால் கடைசியில் வெற்றுக் கட்டம் வருகிறது.

வரிவடிவன்

எதிர்பார்த்ததே. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைக் கையாளும்போது ஹார்ஃப்பஸ் "லிகா" பண்புக்கூறை அணைத்துவிடும். முன்பு உங்கள் கோப்பைப் பொதுவான கோப்பாக நடத்தியதால் அது இயங்கியது. இப்போது தமிழ்க் கோப்பாக நடத்துவதால் நின்றுவிட்டது. விதிகளை அழித்து மறுபடி எழுத வேண்டியதில்லை. பண்புக்கூறின் பெயரை மட்டும் "லிகா" என்பதிலிருந்து பிஎஸ்டிஎஸ் (psts) என்று மாற்றுங்கள். "க்ஷ" மட்டும் விதிவிலக்கு; அதை ஏகேஎச்என் (akhn) என்ற பண்புக்கூறில் வையுங்கள்.

கட்டம் வருவதற்குக் காரணம் வேறு. "கௌ"வின் வலப்பக்கம் நிற்பது பார்வைக்கு "ள" போல இருந்தாலும் யூனிகோடில் அது ளகரம் அல்ல. 0பிடி7 (0BD7) என்ற இடத்தில் இருக்கும் தனிக்குறி. பொறி ஔகாரக் குறியைக் கொம்பாகவும் இந்தக் குறியாகவும் பிரிக்கும்போது, அந்த இடத்தில் வடிவம் எதுவும் இல்லையென்றால் கட்டம்தான் வரும். உங்கள் "ள"வையே அங்கே நகலெடுத்து வைத்து, அகலத்தைச் சற்றுக் குறைத்தால் போதும்.

நிற்க. 247 எழுத்துகள் என்பதைக் கேட்டு மலைத்துப்போய்ப் பாதியில் விடுபவர்கள் உண்டு என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1 என்று 31; புள்ளி வைத்தவை 18; இகர ஈகார வரிசைகள் 36; உகர ஊகார வரிசைகள் 36. இவற்றுடன் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, மேலே சொன்ன ஔகாரத் தனிக்குறி ஆகிய ஐந்தையும் சேர்த்தால் 126 வடிவங்கள். மற்றவற்றை இவற்றைக் கொண்டே பொறி அமைத்துக்கொள்ளும். கிரந்த எழுத்துகள் தனி. இவற்றில் உண்மையில் உழைப்பைக் கேட்பது உகர ஊகார வரிசைகள்தாம். "கு", "சு", "து", "மு" ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதால் ஒன்றை வரைந்து மற்றதற்கு ஒட்ட முடியாது.

நான்காம்பருவம்

நானும் காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு எழுத்துருத் துறைக்கு வந்தவள். தொழில்நுட்பத்தை மற்றவர் பார்த்துக்கொள்வதால், தம்பி இறுதியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

முதுநிலையாக வடிவமைப்பு படிக்க விரும்பினால், மும்பை ஐஐடி நடத்தும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத்தேர்வு ஒரு வழி. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம். அதில் ஒரு பகுதி கணினியிலும், மறுபகுதி கையால் வரைந்தும் எழுதியும் விடையளிப்பதாகவும் இருக்கும். மும்பை ஐஐடியின் ஐடிசி என்ற வடிவமைப்புப் பள்ளியில் தொடர்பியல் வடிவமைப்பு இருக்கிறது. அகமதாபாத் என்ஐடிக்கு (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) தனித் தேர்வு. எழுத்துரு வடிவமைப்புக்கென்றே தனிப் பட்டம் வேண்டுமானால் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் உண்டு, செலவு பெரிது. கட்டமரான் எழுத்துருவை வடிவமைத்த ப்ரியா ரவிச்சந்திரன் அங்கே படித்தவர். அந்த எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைப்பதால், கோப்பைத் திறந்து, மேலே பேசிய விதிகளை அவர் எப்படி அமைத்திருக்கிறார் என்று நீங்களே பார்க்கலாம். அதிலிருந்து வடிவங்களை எடுத்து உங்கள் எழுத்துருவில் சேர்த்தால் உங்களுடையதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வீட்டாரின் அச்சம் நியாயமானது என்றே சொல்வேன். தமிழ் எழுத்துருவை மட்டும் நம்பி முதல் ஆண்டிலேயே குடும்பம் நடத்துவது கடினம். பொட்டல வடிவமைப்பு, நூல் பக்க வடிவமைப்பு போன்ற வேலைகளில் இருந்துகொண்டே எழுத்துருவையும் செய்பவர்கள்தாம் எனக்குத் தெரிந்தவர்களில் மிகுதி. இதைப் பெற்றோரிடம் இரண்டில் ஒன்று என்று வைக்காமல், இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வீர்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

செயல்திட்டத்தைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது: 126 வடிவங்களையும் அவசரமாக முடிக்காதீர்கள். நான்கு சுவரொட்டிகளுக்கும் தேவையான சொற்களை இன்றே முடிவு செய்து, அவற்றில் வரும் எழுத்துகளை மட்டும் குறையின்றி முடியுங்கள். மற்றவை பிறகு வரட்டும். மதிப்பீட்டுக் குழு பார்க்க விரும்புவது, கதவில் இருந்த ஒரு "ழ" எந்தெந்த மாற்றங்களின் வழியே உங்கள் "ழ" ஆனது என்பதை. அந்தப் புகைப்படம், பென்சில் கோடு, திருத்தியவை, நிராகரித்தவை ஆகிய அனைத்தையும் தேதியிட்டு வையுங்கள். கதவில் ஓவியர் தம் பெயரை எழுதியிருந்தால் அவரைத் தேடிச் சென்று ஒப்புதல் பெற்று, சுவரொட்டியின் அடியில் பெயரைக் குறிப்பிடுங்கள்.

அச்சுமை

அம்மா சொன்னது சரி. அச்சு பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். நான்கு சுவரொட்டிகளில் சில படிகளே தேவையென்றால், தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட்டுக்கு வராதீர்கள். டிஜிட்டல் அச்சே போதும். ஏ2 என்பது 420க்கு 594 மில்லிமீட்டர். நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் வெட்டுமிச்சம் (தாளை வெட்டும்போது கழியும் ஓரம்) விட்டு 426க்கு 600 என்று பக்கத்தை அமையுங்கள். வண்ணங்களைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சின் நான்கு மை முறையில் வையுங்கள். கடைக் கதவுகளில் நீங்கள் பார்த்த அந்தப் பளிச்சென்ற நீலம் திரையில் தெரிவதுபோல அச்சில் வராது, ஊதா கலந்து மங்கும்.

சிறிய எழுத்துகளுக்குக் கருப்பு மையை மட்டும் 100 விழுக்காடு வையுங்கள். நான்கு மைகளையும் கலந்த கருப்பில் வைத்தால், ஒரு மை இம்மியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண ஓரம் தெரியும். அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பதாக இருந்தால், மூன்று சுழி "ண"வையும் "ழ"வையும் முதலில் சோதியுங்கள். சுழியின் உள்வெளி குறுகலாக இருந்தால் சுற்றியுள்ள மை பரவி அடைத்துவிடும். பெரிய தலைப்பில் தெரியாத இந்தக் குறை, அடிக்குறிப்பு அளவில் உடனே தெரியும். ஏ4 தாளில் உண்மை அளவில் ஒரு பகுதியை மட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு முழு அளவுக்குச் செல்லுங்கள்.

கீழமாசிக்காரன்

அனைவருக்கும் நன்றி. பிஎஸ்டிஎஸ் என்று மாற்றியதும் "கு", "டி" இணைந்துவிட்டன. தனிக்குறியைச் சேர்த்ததும் "கௌ"வும் சரியானது. குரோம், ஃபயர்பாக்ஸ், இல்லஸ்ட்ரேட்டர் மூன்றிலும் ஒரே தோற்றம் வருகிறது. அக்கா சொன்னபடி சொற்களை முடிவு செய்து, அவற்றுக்கான எழுத்துகளை மட்டும் இப்போது முடிக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பழைய கதவுகள் சிலவற்றில் "லை", "னை" ஆகியவை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போன்ற வடிவத்தில் இருக்கின்றன. அந்த வடிவங்களை எழுத்துருவில் சேர்க்க விரும்புகிறேன். ஆனால் சாதாரணமாகத் தட்டும்போது இன்றைய வடிவமே வர வேண்டும். இதற்கு வழி உண்டா?

வரிவடிவன்

உண்டு. அந்தச் சீர்திருத்தம் தொட்ட எழுத்துகள் 13: "ணா, ணொ, ணோ, ணை, றா, றொ, றோ, னா, னொ, னோ, னை, லை, ளை". உங்கள் கதவுகளில் எவை கிடைத்தனவோ அவற்றை மட்டும் வரைந்து, எஸ்எஸ்01 (ss01) என்ற மாற்று வடிவத் தொகுப்பில், அதே டிஎம்எல்2 குறியின் கீழ் வையுங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரின் "ஓப்பன்டைப்" பலகையில் இயக்கினால் மட்டும் பழைய வடிவம் வரும். விதியை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எஸ்எஸ்01 இயங்கும் நேரத்தில் பொறி ஐகாரக் குறியை ஏற்கெனவே இடப்பக்கம் நகர்த்தியிருக்கும். ஆகவே "லை"க்கான விதியில் ஐகாரக் குறி முதலிலும் "ல" அடுத்தும் வர வேண்டும். தட்டும் வரிசையில் "ல"வை முதலில் எழுதினால் விதி இயங்காது.