மறு: ஸ்னோ ட்ராட், ஹீட் ஸ்ட்ரீக் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வானிலைச் சாதனைகளைத் தமிழில் தொகுக்கும் தம்பி, ஸ்னோ பெய்யாமலோ குறைந்தோ போவதையும் (ஸ்னோ ட்ராட்), கடும் வெப்பம் நாள்கணக்கில் விடாமல் நீடிப்பதையும் (ஹீட் ஸ்ட்ரீக்) தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியதிலிருந்து எல்லா மடல்களையும் படித்து வருகிறேன். பரிந்துரைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் இரண்டு மூன்று வேறு பொருள்களை ஒரே சொல்லுக்குள் அடைக்கப் பார்க்கிறோம் என்று தோன்றுகிறது. அதைப் பிரித்துவிட்டால் சொல் தானாக வரும்.

> ஹீட் ஸ்ட்ரீக்குக்கும் "வெப்ப அலை" என்றே எழுதிவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, வெப்ப அலை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. சமவெளியில் பகல் உச்சம் 40 பாகை செல்சியஸையாவது தொட்டு, அந்த இடத்தின் இயல்பைவிட 4.5 பாகையாவது கூடியிருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலை என்கிறது. கடலோரத்துக்கு இந்த 40 என்பது 37. இயல்பு எதுவாக இருந்தாலும் 45-ஐத் தொட்டாலே வெப்ப அலைதான். ஆக, அங்கே பெரும்பாலும் பார்ப்பது இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை. ஸ்ட்ரீக் அப்படியல்ல. ஏதாவது ஓர் அளவை எல்லைக்கோடாக வைத்துக்கொண்டு, அதைத் தொட்ட அல்லது தாண்டிய நாள்கள் இடைவிடாமல் எத்தனை என்று எண்ணுவது மட்டுமே அதன் வேலை.

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தைப் பாருங்கள். பாலைவன ஊர், ஜூலையில் இயல்பான பகல் உச்சமே 41 பாகை செல்சியஸுக்கு மேல். அங்கே 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் ஒரு நாள்கூட விடாமல் 110 பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ பதிவானது. அதற்கு முந்தைய சாதனை 1974-இல் 18 நாள். இதை "31 நாள் வெப்ப அலை" என்று எழுதினால் படிப்பவருக்கு வேறு ஒரு வரையறை மனத்தில் ஓடும்.

சரி, ஸ்ட்ரீக்குக்கு என்ன சொல்? "வெப்பத் தொடர்" என்றால் தொலைக்காட்சித் தொடர் போல ஒலிக்கிறது என்று ஒருவர் சொன்னது நியாயம். "ஓட்டம்" கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. "வரிசை" என்பதில் இடைவிடாமை இல்லை. என் பரிந்துரை நாள்தொடர். அடுத்தடுத்த நாள்களின் தொடர், அவ்வளவுதான். இதை நான் விரும்புவதற்குக் காரணம் அழகு அல்ல, முன்பாதியைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பதே. அதே பீனிக்ஸில் 2023 ஜூலையில் 16 இரவுகள் அடுத்தடுத்து வெப்பநிலை 90 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. அது இரவுத்தொடர். சிலியின் அரிக்கா நகரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை 173 மாதங்கள் மழையே பதிவாகவில்லை. உலக வானிலை அமைப்பின் சாதனைப் பட்டியலில் இது இன்றும் நிற்கிறது. அது மாதத்தொடர். 2023 ஜூன் முதல் 2024 ஜூன் வரை ஒவ்வொரு மாதமும் அந்தந்த மாதத்தின் உலக அளவிலான உச்சச் சராசரி என்று ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் அமைப்பு அறிவித்ததே, அது 13 மாத மாதத்தொடர். ஒரே வேரில் எல்லாம் அமைகிறது.

"நாட்டொடர்" என்று புணர்த்தி எழுத வேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும். நாள்தோறும் என்று பிரித்து எழுதிப் பழகிவிட்டோம். நாள்தொடரும் அப்படியே நிற்கட்டும். நாட்டொடர் என்றால் நாடு சம்பந்தப்பட்டது என்று நினைப்பார்கள்.

செய்தித்தாளுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று வேண்டுமென்றால் விடாவெயில் நன்றாகவே இருக்கிறது. விடாமழை நம் ஊர்ச் சொல், அதன் பக்கத்தில் இதுவும் உட்காரும். ஆனால் எண்ணிக்கை வரும் இடத்தில் "31 நாள் விடாவெயில்" என்று மட்டும் எழுதக்கூடாது என்பேன். எந்தக் கோட்டுக்கு மேலே என்பது அதில் இல்லை.

இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான். கோடு இல்லாமல் தொடர் இல்லை. 2024-இல் பீனிக்ஸில் 113 நாள் தொடர் என்று செய்தி வந்தது. முந்தைய ஆண்டின் 31 நாளை அது முறியடித்துவிட்டது என்று நினைத்தால் பிழை. 113 நாள் என்பது 100 பாரன்ஹீட் கோட்டுக்கு, 31 நாள் என்பது 110 பாரன்ஹீட் கோட்டுக்கு. 100-க்கான முந்தைய சாதனை 1993-இல் 76 நாள். இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ஆகவே நாள்தொடருக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் அந்த நாளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜப்பானியர் இதைத்தான் செய்தார்கள். பகல் உச்சம் 25 பாகையைத் தொட்டால் கோடை நாள், 30 என்றால் முழுக்கோடை நாள் என்று அவர்களிடம் பெயர்கள் உண்டு. 35 பாகை நாள்கள் பெருகியதும் ஜப்பான் வானிலை முகமை 2007-இல் அதற்கும் மோஷோபி என்று ஒரு பெயரை ஏற்றுக்கொண்டது. பிறகு 2022-இல் டோக்கியோவில் ஜூன் 25 முதல் ஜூலை 3 வரை ஒன்பது மோஷோபி அடுத்தடுத்து வந்தபோது, பத்திரிகைகள் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. கோடு பெயருக்குள்ளேயே இருந்தது.

நம்மிடம் அப்படி ஒன்று தயாராக இருக்கிறது, இந்த இழையில் யாரும் அதைத் தொடவில்லை. கோடையில் நம் நாளிதழ்கள் "வேலூரில் வெயில் சதம்", "பத்து இடங்களில் சதமடித்த வெயில்" என்று எழுதுவது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சதம் 100 பாரன்ஹீட், அதாவது 37.8 பாகை செல்சியஸ். ஆட்டத்திலிருந்து வந்த சொல்தான், ஆனால் துல்லியமான ஒரு கோடு அதற்குள் இருக்கிறது, மக்களுக்கும் புரிகிறது. அதனால் சதவெயில் நாள் என்று வைப்போம். சதவெயில் நாள்தொடர் தானாக வந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்பிள் பார் ஊரில் 1923 அக்டோபர் 31 முதல் 1924 ஏப்ரல் 7 வரை 160 நாள் சதவெயில் நாள்தொடர். கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில்கூட 2001-இல் 154 நாள்தான்.

இங்கே தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. மார்பிள் பார் சாதனையைச் செல்சியஸுக்கு மாற்றும்போது "38 பாகைக்கு மேல்" என்று முழுமையாக்கிவிடாதீர்கள். 37.8 மட்டும் பதிவான ஒரு நாள் நடுவில் இருந்தால் அந்தக் கோட்டில் தொடர் அறுந்துவிடும், 160 என்ற எண் பொய்யாகிவிடும். எந்த அளவுகோலில் சாதனை பிறந்ததோ அதிலேயே கோட்டைச் சொல்லிவிட்டு, மாற்றியதைப் பக்கத்தில் எழுதுவதுதான் பாதுகாப்பு.

ஜப்பானியரின் எல்லாப் பெயர்களையும் அப்படியே கொண்டுவர முடியாது. 25 பாகைக்குக் கீழே இறங்காத இரவை அவர்கள் வெப்பமண்டல இரவு என்கிறார்கள். சென்னையில் மே மாதத்தில் அது ஏறக்குறைய எல்லா இரவும்தான். கோடு ஊருக்கு ஊர் மாறும், அதனால் பதிவில் ஊர்ப்பெயர் முதலில் வரட்டும்.

இனி கடினமான பகுதி, பனி.

> இங்கே கனடாவில் நாங்கள் எல்லாரும் ஸ்னோ என்றுதான் சொல்லுறது. பனி என்றால் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்து மார்கழிப் பனிதான்.

அக்கா டொராண்டோவிலிருந்து எழுதிய இந்த வரிதான் இந்த இழையில் எனக்கு அதிகம் உதவியது. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கே பெயர் வைத்தவர்கள் நாம், ஆனால் அந்தப் பனி புல்லில் நிற்கும் ஈரமும் குளிரும். ஊட்டியில் புல்வெளி வெளுப்பது உறைபனி. சாலையை மறைப்பது மூடுபனி. இதற்கு மேல், காலையில் மூட்டம் அதிகமாக இருந்தால் "கடும் பனிப்பொழிவு" என்று நம் செய்திகளில் எழுதுகிறார்கள், காஷ்மீரில் பெய்வதற்கும் அதே சொல்தான். எனவே "பனி வறட்சி" என்று வைத்தால் பாதிப் பேர் மார்கழியில் பனி குறைந்த செய்தி என்றே எடுத்துக்கொள்வார்கள். வெண்பனி என்று தொடங்குவோம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்புறம், ஸ்னோ ட்ராட் என்று ஆங்கிலத்தில் சொல்வது இரண்டு வேறு விஷயங்களை. நியூயார்க் மத்தியப் பூங்காவில் 701 நாள் ஸ்னோ ட்ராட், 2024 ஜனவரி 16-இல் முடிந்தது என்று செய்தி வந்தது. அது வறட்சியே அல்ல, ஒரு நாள்தொடர். அதிலும் "701 நாள் பனியே பெய்யவில்லை" என்று தமிழில் எழுதினால் தவறு. ஒரே நாளில் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர், பெய்யாத நாள்களின் எண்ணிக்கை அது. அதற்கு நடுவே வந்த 2022–23 குளிர்காலத்தில் மொத்தம் 2.3 அங்குலம் பெய்திருக்கிறது. துளித்துளியாகப் பெய்ததால் தொடர் அறவில்லை. இதற்கு ஓர் அங்குல வெண்பனி பெய்யா நாள்தொடர் என்று நீளமாக எழுதுவதே நல்லது. நீளம் இங்கே குறையல்ல, படிப்பவரை ஏமாற்றாமல் இருப்பதற்கான விலை.

இன்னொரு ஸ்னோ ட்ராட் நீர்வளத்தார் சொல்வது. மலையில் அந்தக் காலத்துக்கு இருக்க வேண்டிய வெண்பனி இருப்பு இல்லாமல் போவது. கோடையில் உருகி ஆறாக வர வேண்டியது வராது, ஆகவே இது உண்மையிலேயே வறட்சிதான். இதிலும் இரண்டு வகை சொல்கிறார்கள். மேலிருந்தே ஒன்றும் விழாதது ஒரு வகை. பொழிவு வழக்கம்போல இருந்தும், சூட்டில் மழையாக விழுந்தோ முன்கூட்டியே உருகியோ போவது இன்னொரு வகை. 2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் வெண்பனி இருப்பு இயல்பில் 5 விழுக்காடுதான். அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்லில் நின்றபடி நகரங்களின் தண்ணீரை 25 விழுக்காடு குறைக்க உத்தரவிட்டார். அங்கே பொழிவும் குறைவு, சூடும் அதிகம். அதே குளிர்காலத்தில் வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் பொழிவு இயல்பை ஒட்டியே இருந்தது, ஆனால் மலையில் மழையாக விழுந்து ஓடிவிட்டது. மேகம் கொடுத்தது, மலை பிடித்துவைக்க முடியவில்லை.

இந்த இரண்டு வகைக்கும் "உலர்", "வெப்ப" என்று அடைமொழி சேர்த்து மொழிபெயர்த்தவர்கள் மன்னிக்க வேண்டும், "வெப்ப வெண்பனி வறட்சி" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்குப் பெய்யா வறட்சி, தங்கா வறட்சி என்ற இணை போதும் என்று படுகிறது. முதலாவதில் பனி பெய்யவில்லை, இரண்டாவதில் தங்கவில்லை. காரணம் பெயரிலேயே இருக்கிறது. இமயப் பகுதிக்கும் இது தேவைப்படும். 2025-இல் இந்து குஷ் – இமயமலைப் பகுதியில் வெண்பனி தங்கும் அளவு இயல்பைவிட 23.6 விழுக்காடு குறைவு, 23 ஆண்டுகளில் மிகக் குறைவு என்று காத்மாண்டுவிலுள்ள ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான பன்னாட்டு மையம் சொன்னது. அவர்கள் அளப்பதே தங்குதலைத்தான்.

மழைக்கும் இதே சிக்கல் உண்டு. இந்தியாவில் 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழைநாள். காலநிலைக் குறியீடுகளில் 1 மில்லிமீட்டர். பிரிட்டனில் மழைப்பதிவுகளைத் தொகுத்த சைமன்ஸ் 1887-இல் வைத்த முழு வறட்சி வரையறையில் குறைந்தது 15 நாள், எந்த நாளிலும் ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு மழைகூடக் கூடாது. மூன்று கோட்டிலும் எண்ணினால் ஒரே ஊருக்கு மூன்று எண் வரும். "நாள்" என்பதுகூட ஒன்றல்ல. இந்தியாவில் மழைக்கணக்கு காலை 8.30-க்கு முடியும், நியூயார்க்கில் நள்ளிரவில்.

எனவே தம்பி, பதிவேட்டில் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்: "பீனிக்ஸ், 110 பாரன்ஹீட் நாள்தொடர், 31 நாள், 2023 ஜூன் 30 – ஜூலை 30." ஊர், கோடு, எண்ணிக்கை, தேதி. இதில் ஒன்று இல்லையென்றால் அந்தச் சாதனையைச் சேர்க்க வேண்டாம்.

ஒன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விழுந்தது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அளக்கும் அளவுக்கு இராது. அமெரிக்காவில் இதை ட்ரேஸ் என்று தனியாகக் குறிக்கிறார்கள். எத்தனை ட்ரேஸைக் கூட்டினாலும் ட்ரேஸ்தான், எண்ணாக மாறாது, பெய்யா நாள்தொடரையும் அது அறுக்காது. "சுவடு" என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன், மழைக்கும் வெண்பனிக்கும் பொருந்தும். ஆனால் தாலுகா அலுவலகங்களில் மழைமானி பார்த்துக் குறித்தவர்கள் இதற்குக் கட்டாயம் ஒரு சொல் வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டிலோ ஊரிலோ அப்படி யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல் கிடைத்தால் சுவட்டை விட்டுவிடலாம்.

அன்புடன்