புதுப்பிப்பு: பங்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது

கத்தோலிக்கர் அல்லாத வீட்டுப் பிள்ளைக்கு சென்னை ராயபுரம் பக்கம் பங்குப் பள்ளியில் (கத்தோலிக்கத் தேவாலயம் நடத்தும் பள்ளி) இடம் கிடைக்குமா, ஆர்.டி.இ.யில் (தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டம்) விண்ணப்பிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கா மகளுக்காகத்தான். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

ஆர்.டி.இ. பற்றி இங்கே சொன்னவர்கள் சொன்னது சரி. இதுபோன்ற சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்த 25 சதவீத இடம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அதே வளாகத்தில் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவும் இருந்தது. அதில் சேர்த்தோம். பாடநூல் இலவசம், மதிய உணவு உண்டு. நகர்ப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டதால், விற்பதற்காக விடியற்காலையிலேயே மீன் வாங்க ஓடும் அக்காவுக்குப் பெரிய நிம்மதி.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறப்பது அதற்குள். மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டில் பல வீடுகளில் கையில் காசே இல்லாத நேரம். பை, ஷூ, நோட்டு எல்லாம் கடன்தான். நல்லவேளை, தலைமையாசிரியை சிஸ்டர், "ஷூவை ஜூலைல வாங்கிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டார். எல்லாப் பள்ளியும் அப்படிச் சொல்லுமா தெரியாது.

அப்புறம், முதல் நாள் திருப்பலிக்குக் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் வந்தே ஆகவேண்டும் என்றில்லை. மறைக்கல்வி (கத்தோலிக்க மதப் பாடம்) நேரத்தில் அவர்களுக்கு நன்னெறி வகுப்பு. ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள் என்று பயமுறுத்தியவருக்கு: கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழும் ஆதார் நகலும்தான் வாங்கிக்கொண்டார்கள்.