மேன்சன் வழக்கு: ஏவியவன் குற்றமும் கத்தி எடுத்தவர்கள் குற்றமும்

கல்லணை:

சார்லஸ் மேன்சன் பற்றிய முந்தைய இழையில் நண்பர் நெய்தல், "மேன்சனைச் சுற்றியிருந்த பெண்களும் ஒரு வகையில் அவனால் சீரழிக்கப்பட்டவர்களே, ஆகவே 2023-இல் லெஸ்லி வான் ஹூட்டனைப் பரோலில் விடுவித்தது நியாயமானதே" என்று எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே பேச்சு இசையின் பக்கம் திரும்பிவிட்டதால் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

வழக்கை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேன்சன் தன்னைச் சுற்றி ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, அவர்களை ஏவிக் கொலைகள் செய்வித்தவன். வான் ஹூட்டன் அந்தக் கூட்டத்துப் பெண்களில் ஒருவர். 1969 ஆகஸ்ட் 8-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸின் சியேலோ டிரைவ் வீட்டில் நடிகை ஷேரன் டேட் உட்பட ஐந்து பேர் கொல்லப்பட்டனர். டேட் அப்போது எட்டரை மாதக் கர்ப்பிணி. இறந்த ஐவரில் 18 வயது ஸ்டீவன் பேரண்டுக்கு அந்த வீட்டாரோடு எந்தத் தொடர்பும் இல்லை. பின்கட்டில் தங்கியிருந்த காவலாளிக்குக் கடிகார ரேடியோ ஒன்றை விற்க வந்துவிட்டு, காரில் திரும்பும்போது வாசலிலேயே சுடப்பட்டார். மறுநாள் இரவு லோஸ் ஃபெலிஸ் பகுதியில் லெனோ லாபியான்கா, ரோஸ்மேரி லாபியான்கா தம்பதியர் கொல்லப்பட்டனர். வான் ஹூட்டன் முதல் நாள் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, மறுநாள் தானும் போக விரும்பினார். இதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ரோஸ்மேரியின் உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட குத்துக்காயங்கள் இருந்தன. அவற்றில் பதினான்கு முதல் பதினாறு வரை தன் கையால் ஏற்பட்டவை என்றும் வான் ஹூட்டன் சொல்லியிருக்கிறார். அதன் பின் அந்த வீட்டில் தம் கைரேகைகள் இல்லாதபடி துடைத்தெடுத்தார். தன்னினைவற்று இயங்கிய ஒருவர் கைரேகையைப் பற்றிக் கவலைப்படுவாரா? பிடிபட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவர், தான் செய்வது இன்னதென்றும் அறிந்தே இருந்தார் என்பது என் கருத்து.

நெய்தல்:

கல்லணை அவர்களே, தன்னினைவற்று இயங்கினார்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. என் வாதம் வேறு. மனிதனின் விருப்பத்தையே படிப்படியாக இன்னொருவன் தன் வசமாக்க முடியும் என்பதற்கு மேன்சன் கூட்டம் தங்கியிருந்த ஸ்பான் பண்ணையில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1967 மார்ச்சில் டெர்மினல் ஐலண்டு சிறையிலிருந்து வெளிவந்தபோது மேன்சனுக்கு 32 வயது. அதில் பாதிக்கு மேல் சீர்திருத்தப் பள்ளிகளிலும் சிறைகளிலும் கழிந்திருந்தது. மனிதரைத் தம் பக்கம் இழுப்பது எப்படி என்று கற்பிக்கும் டேல் கார்னகி பயிற்சியில் சிறையில் இருந்தபோதே சேர்ந்திருந்தான், சயின்டாலஜி என்ற மதக்குழுவின் சொற்களையும் பொறுக்கிக்கொண்டான். அவன் வெளியே வந்த நேரம், வீட்டோடு மனம் முறிந்த ஆயிரக்கணக்கான இளையோர் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி தெருக்களுக்கு வந்துகொண்டிருந்த நேரம். முதலில் சேர்ந்தவர் பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த மேரி பிரன்னர். அவர் சம்பளத்தில், அவர் வீட்டில் ஒண்டிக்கொண்டுதான் மற்றவர்களைச் சேர்த்தான்.

பண்ணையில் கடிகாரம் கிடையாது, நாட்காட்டி கிடையாது, செய்தித்தாள் கிடையாது. வந்து சேர்பவர் கையிலிருந்த பணத்தையும் காரையும் பொதுவில் ஒப்படைத்துவிட வேண்டும். பழைய பெயர் போய்ப் புதுப்பெயர் வரும். பெற்ற குழந்தைகூடத் தாயிடம் இருக்காது, மற்றவர்கள் வளர்ப்பார்கள். சூப்பர்மார்க்கெட்டுகளின் பின்புறம் கொட்டிய காய்கறிகளைப் பெண்கள் பொறுக்கி வந்து சமைப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் மேன்சன் பேசுவான், பாடுவான். எல்.எஸ்.டி. என்ற போதைமருந்து எல்லோருக்கும் வழங்கப்படும். ஆனால் அவன் மட்டும் குறைவாக எடுத்துக்கொண்டு தெளிவோடு இருப்பான் என்று உடனிருந்தவர்களே பின்னர் கூறினர். இப்படி ஏறக்குறைய ஓராண்டு வாழ்ந்த, இருபது வயது நிறைய இரண்டு வாரம் இருந்த ஒரு பெண்ணின் "விருப்பம்" என்பதை, உங்களுடைய விருப்பத்தையும் என்னுடைய விருப்பத்தையும் போன்றதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கல்லணை:

அதே பண்ணையில், அதே பேச்சைக் கேட்டு, அதே போதையை உட்கொண்ட லிண்டா கசாபியனை என்ன சொல்வீர்கள்?

முதல் இரவில் அவர் வெளியே நின்றார். அலறல் கேட்டபோது, யாரோ வருகிறார்கள் என்று பொய் சொல்லி, கொலையில் ஈடுபட்டிருந்த சூசன் அட்கின்ஸை நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாம் இரவில் லாபியான்கா வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு, வெனிஸ் கடற்கரைப் பகுதியில் குடியிருந்த ஒரு நடிகரைக் கொல்லும்படி மேன்சன் அவரையும் வேறு இருவரையும் அனுப்பினான். அந்த நடிகரின் வீடு கசாபியனுக்கு மட்டுமே தெரியும். மாடிப்படி ஏறி, வேண்டுமென்றே வேறொரு வீட்டுக் கதவைத் தட்டினார். அறிமுகமில்லாத ஒருவர் கதவைத் திறந்தார். வீடு மாறிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டார். ஓர் உயிர் தப்பியது.

தன்னால் யாரையும் கொல்ல முடியாது என்று மேன்சனிடம் சொன்னாரே தவிர, அவனோடு வெளிப்படையாக மோதவில்லை. தன் உயிருக்கும் ஆபத்து வராமல், கதவு மாற்றித் தட்டியதோடு சரி. இத்தனை சிறிய மறுப்புக்குக்கூட அங்கே இடம் இருந்திருக்கிறது. அந்த இடத்தை வான் ஹூட்டனும், கொலைகளில் பங்குகொண்ட மற்றொரு பெண்ணான பட்ரீசியா கிரென்விங்கலும் தேடவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நெய்தல்:

கசாபியன் பண்ணைக்கு வந்தது 1969 ஜூலை 4 அன்று. கொலைகள் நடந்தபோது அவர் அங்கே ஐந்து வாரங்களே இருந்திருந்தார். நீங்கள் காட்டும் சான்று என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. அப்படிப்பட்டவரும்கூட உடனே காவல்துறைக்குப் போகவில்லை. ஒன்றரை வயதுகூட ஆகாத தன் மகளைப் பண்ணையிலேயே விட்டுவிட்டுத்தான் தப்பியோட முடிந்தது, பிறகுதான் மகளை மீட்டார். அச்சம் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வழக்காடி:

இருவரும் பேசும் இந்தச் சிக்கல் 1970-இல் அரசு வழக்கறிஞர் வின்சென்ட் பூலியோசியின் முன்னாலும் இருந்தது. சட்டத்தின் கோணத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

டேட் வீட்டுக்குள் மேன்சன் அன்றிரவு கால் வைக்கவில்லை. லாபியான்கா வீட்டில் நுழைந்து தம்பதியரைக் கட்டிப்போட்டுவிட்டு வெளியேறினான். ஏழு பேரில் ஒருவரையும் அவன் தன் கையால் கொல்லவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் கூட்டுச்சதிச் சட்டப்படி, சதியில் ஒருவன் பங்கு நிறுவப்பட்டால் அதை நிறைவேற்ற மற்றவர்கள் செய்த கொலைக்கு அவனும் முழுப் பொறுப்பாளி. எனவே மேன்சனின் சொல்லுக்கு இவர்கள் எந்த அளவுக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதை பூலியோசி நிரூபித்தாக வேண்டும். அதை அதிகமாக நிரூபித்தாலோ, பெண்கள் வெறும் கருவிகள், அவர்களுக்குத் திட்டமிட்ட கொலையின் தண்டனை பொருந்தாது என்று எதிர்த்தரப்பு எழுந்துவிடும். ஆகவே, மேன்சன் ஆணையிட்டான் என்றும், ஆனால் கொல்லும் மனம் இவர்களுக்குள்ளேயே இருந்தது என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் வாதிட்டார். ஜூரிகள் அதை ஏற்றனர். 1971 ஜனவரி 25-இல் மேன்சன், அட்கின்ஸ், கிரென்விங்கல், வான் ஹூட்டன் நால்வரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது, மார்ச் மாதத்தில் மரண தண்டனை முடிவானது. அதே கூட்டத்தைச் சேர்ந்த, தனியாக விசாரிக்கப்பட்ட டெக்ஸ் வாட்சனுக்கும் அதே தண்டனைதான். 1972 பிப்ரவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் மரண தண்டனையையே செல்லாததாக்கியதால் அனைவருடைய தண்டனையும் ஆயுளாக மாறி, பரோல் கேட்கும் வழியும் திறந்தது.

இங்கே பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே வான் ஹூட்டனின் வழக்கறிஞர் ரொனால்ட் ஹியூஸ் காணாமல் போனார், சில மாதங்கள் கழித்து அவர் உடல்தான் கிடைத்தது. அதனால் வான் ஹூட்டன் மீதான தீர்ப்பு 1976-இல் ரத்தாகி, மறுவிசாரணைக்கு உத்தரவானது. 1977-இல் நடந்த அந்த மறுவிசாரணையில், இது முதல்நிலைக் கொலையா, அல்லது மனநிலை பாதிப்பின் காரணமாகக் குறைந்த குற்றமா என்று ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் பிரிந்தனர். 1978-இல் மூன்றாவது முறையாக விசாரித்துத்தான் மீண்டும் குற்றவாளி என்றார்கள். எல்லாச் சாட்சியங்களையும் நேரில் கேட்ட பன்னிரண்டு பேரே உடன்படாத கேள்வியைத்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மலைச்சாரல்:

எல்லோரும் மரத்தைப் பார்க்கிறீர்கள், காட்டைப் பார்க்கவில்லை. பெற்றோரை வெறுக்கவும், கட்டுப்பாடு எதுவும் வேண்டாமெனவும், போதையே ஞானமெனவும் ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த ஹிப்பி இயக்கம்தான் முதல் குற்றவாளி. வாட்சன் டெக்சாஸில் நன்றாகப் படித்த மாணவன், கால்பந்து வீரன். அட்கின்ஸ் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். கலிஃபோர்னியாவின் அந்தச் சூழலுக்குள் வராதிருந்தால் இவர்கள் யாரையும் கொன்றிருக்க மாட்டார்கள். கொலைகாரர்களை வீரர்களாகப் போற்றியவர்களும் அந்த வட்டாரத்திலேயே இருந்தார்கள். 1969 டிசம்பரில் ஃபிளின்ட் நகரில் கூடிய, வெதர்மென் என்ற தீவிர இடதுசாரிக் குழுவின் மாநாட்டில் அதன் தலைவர்களில் ஒருவரான பெர்னடின் டோர்ன் அந்தக் கொலைகளைப் புகழ்ந்து பேசியது பதிவாகியிருக்கிறது.

நெய்தல்:

மலைச்சாரல் ஐயா, டோர்ன் பேசியது வெட்கக்கேடானது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஹெய்ட்-ஆஷ்பரிக்கு வந்த இளைஞர்களுக்கு டிக்கர்ஸ் என்ற ஹிப்பிக் குழுவினர் தினமும் இலவசமாகச் சோறு போட்டார்கள். டாக்டர் டேவிட் ஸ்மித் 1967 ஜூனில் அங்கே இலவச மருத்துவமனை திறந்தார், மேன்சனோடு இருந்த பெண்களும் சிகிச்சைக்கு வந்தது அங்கேதான். டேட் கொலை நடந்த ஒரே வாரத்தில் வுட்ஸ்டாக் இசைவிழாவில் நான்கு லட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் மூன்று நாள் கூடியிருந்தார்கள். அங்கே யாரும் யாரையும் கத்தியால் குத்தவில்லை. மேன்சனோ கறுப்பின மக்களை வெறுத்தவன். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் போர் மூளும், அதுவரை பாலைவனத்தில் ஒளிந்திருந்துவிட்டுப் பிறகு வெளியே வந்து நாம் ஆளலாம் என்று சொல்லிக்கொடுத்தவன். தலைமுடியை மட்டும் வளர்த்துக்கொண்டவன் ஹிப்பியாகிவிட மாட்டான். அவனை வளர்த்தெடுத்தவை சிறைகள்.

கல்லணை:

இந்த ஓரிடத்தில் நெய்தலோடு உடன்படுகிறேன். கூடவே ஒன்று: அந்த இனப்போர் கதைதான் கொலைகளுக்கு முழுக் காரணம் என்று சொல்லப்படுவதிலும் எனக்கு ஐயம் உண்டு. ஜூலை 27-இல் இசைக்கலைஞர் கேரி ஹின்மனை இதே கும்பலின் பாபி போசொலெய் கொன்றான். சுவரில் இரத்தத்தால் "பன்றி" என்ற வசையை எழுதினார்கள். ஆகஸ்ட் 6-இல் போசொலெய் கைதானான். அதன் இரண்டாம் இரவே டேட் வீட்டுக் கதவில் அதே வசை இரத்தத்தில் எழுதப்படுகிறது. கைதாகி உள்ளே இருப்பவன் குற்றவாளி அல்லன், உண்மைக் கொலையாளி இன்னும் வெளியே திரிகிறான் என்று காவல்துறையை நம்பவைக்கும் முயற்சி இது என்ற விளக்கம் எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. அப்படியானால் நாம் காண்பது பரவசத்தில் மூழ்கிய பக்தர்களை அல்ல. கூட்டாளியைக் காப்பாற்றத் திட்டம் போட்ட கும்பலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1982-இல் வான் ஹூட்டனின் விடுதலைக்காக அவருடைய ஆதரவாளர்கள் ஏறக்குறைய தொள்ளாயிரம் கையொப்பங்கள் திரட்டினார்கள் என்று கேள்விப்பட்ட ஷேரனின் தாய் டோரிஸ் டேட், எதிராக மூன்றரை லட்சம் கையொப்பங்களைத் திரட்டினார். மகளையும் பிறக்காத பேரக்குழந்தையையும் இழந்து பல ஆண்டுகள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பெண்மணி அவர். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் பரோல் விசாரணையில் நின்று பேசும் உரிமைக்காகக் கலிஃபோர்னியாவில் போராடியவர்களில் முன்வரிசையில் இருந்தவர். ஆனால் குற்றவாளிகளின் பெயர்களை உலகமே மனப்பாடமாக வைத்திருக்கிறது. லெனோ லாபியான்கா மளிகைக்கடைகள் நடத்தியவர் என்பதாவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நெய்தல்:

டோரிஸ் டேட் அம்மையாரின் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தக் கும்பலில் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று மட்டுமே கேட்கிறேன். பண்ணைக் கூலியாள் டொனால்ட் ஷேயைக் கொன்ற வழக்கில் சிறை சென்ற ஸ்டீவ் குரோகன், புதைத்த இடத்தை 1977-இல் காட்டிக்கொடுத்தார், 1985-இல் விடுதலையானார், அதன் பின் ஒரு குற்றமும் செய்யவில்லை. வான் ஹூட்டன் சிறையில் இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் பெற்றார், மற்றக் கைதிகளுக்குக் கற்பித்தார். 2016 தொடங்கி பரோல் வாரியம் ஐந்து முறை அவரை விடலாம் என்றது, ஆளுநர்கள் ஐந்து முறையும் தடுத்தார்கள். வெளியே வந்தபோது அவருக்கு 73 வயது. வாட்சனின் நிலை வேறு. இரண்டு இரவுகளிலும் முன்னின்று கொன்றவன் அவன், மேன்சனுக்கு அடுத்தபடியாகக் கட்டளையிட்டவனும் அவனே. அவனுடைய பரோல் மனு வந்தால் நான் எதிர்ப்பேன்.

கல்லணை:

2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆளுநர் நியூசமின் தடையை நீக்கியது இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில்தான். தன் குற்றத்தின் கொடூரத்தை அவர் இன்னும் முழுமையாக உணர்ந்துகொள்ளவில்லை என்று ஆளுநர் கருதியதற்கு ஆதாரம் உண்டு என மூன்றாம் நீதிபதி எழுதினார். பட்டங்களையும் நன்னடத்தையையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அரை நூற்றாண்டாக நடந்த விசாரணைகளில் அவருடைய பதில்கள் மேன்சனைச் சுற்றியே மீண்டும் மீண்டும் வந்தன. அன்றைய இரவில் மேன்சன் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிப் போன பின்புதான் அவர் கையில் கத்தி வந்தது. அந்த மூன்றாம் நீதிபதியின் பக்கமே நான் நிற்கிறேன்.